முன்மாதிரி ஊர் உப்போடைப்பட்டி

உப்போடைப்பட்டியில் இரண்டு வருஷமாக ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை என்பதை, ஜீப்பில் வந்த அதிகாரி சொல்லித்தான் மாயகிருஷ்ணன் தெரிந்துகொண்டார். ஊரில் பிள்ளை அழுகிற சத்தம் இல்லாதது அவருக்கு உறைத்ததே இல்லை. ஊரில் வேறெந்தச் சத்தமும்தான் இல்லையே.

முதல் வருஷம் மழை பொய்த்தபோது, கூலிக்குப் போகிற குடும்பங்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களைத் தேடிப் போயின. பெண்டுகள் தீக்குச்சியைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கலாம், சின்னஞ்சிறுசுகள் பெட்டி ஒட்டலாம், வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷமும் பொய்த்தபோது, கரிசல் வைத்திருந்த சம்சாரிகளே உழவு மாட்டை விற்று, கதவைச் சாத்தி, கோயம்புத்தூர் மில்லுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டி கோவில்பட்டியில் உரக்கடை திறந்து, அங்கே உட்கார்ந்தபடியே உப்போடைப்பட்டிக்குத் தலைமை தாங்கினார். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஊரில் மிச்சம் இருந்தவர்கள், நடக்க மாட்டாத கிழடுகள் கொஞ்சம், மாயகிருஷ்ணன், அவர் மனைவி பாலம்மாள்.

மாயகிருஷ்ணன் போகாததற்குக் காரணம் அவருடைய ஆடுகள். மனுஷனுக்கு டவுனில் ஒண்டுக் குடித்தனம் கிடைக்கும். ஆட்டுக்கு யார் வீடு தருவார்கள்? வேலிக்கருவை நெற்று விழுகிறவரைக்கும் ஆடு பிழைக்கும், ஆடு பிழைக்கிறவரைக்கும் தாங்களும் பிழைக்கலாம் என்று இருந்தார். தண்ணீர்தான் பெரும்பாடு. ஊர்க்கிணறு வற்றிப்போய், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலிருந்த கிணற்றுக்குப் பாலம்மாள் குடத்தோடு நடந்தாள். ஒரு அடிபம்பு வேண்டும் என்று மாயகிருஷ்ணன் மனுப் போட்டார். அடிபம்பு அமைப்பதற்குரிய மக்கள்தொகை தங்கள் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. தண்ணீர் இல்லாததால்தான் ஜனங்கள் போனார்கள் என்று மறுபடியும் எழுதிப் போட்டார். மக்கள்தொகை கூடிய பின்னர் விண்ணப்பிக்கவும் என்று அதற்கும் மரியாதையாகப் பதில் வந்தது.

இந்த நிலையில்தான் அந்த ஜீப் வந்தது. மக்கள்தொகைச் சமன்பாட்டு வாரியம் என்ற பெயர் ஜீப்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிந்திருந்தது. இறங்கியவர் பூவனலிங்கம், வாரியத்தின் வட்டார அதிகாரி. வெள்ளைச் சட்டை, தோல் பை. அவர் நேரே வந்து மாயகிருஷ்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது மாயகிருஷ்ணன் ஒரு கிடாவுக்குக் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள்."

"என்னத்துக்கு சார்?"

"பிறப்பு விகிதத்துல உங்க ஊர் மாவட்டத்துலேயே முதலிடம். சுத்தமான பூஜ்யம். மொத்த மக்கள்தொகையும் முக்கால்வாசி குறைஞ்சிருக்கு. எங்க வாரியம் ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு சாதனை நடந்ததே இல்லை."

மாயகிருஷ்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ தப்பாக வழி சொல்லி இவரை அனுப்பிவிட்டார்கள் என்று பட்டது.

"சார், இங்கன பிள்ளை பெறுத வயசுல ஆளே கிடையாது. எல்லாரும் கோயில்பட்டிக்குப் போயிட்டாவ."

"போனது வேற துறை," என்றார் பூவனலிங்கம் பொறுமையாக. "பிறக்காததுதான் எங்க துறை."

"தண்ணி இல்லாமத்தானே போனாவ."

"தண்ணி அதுக்கும் வேற துறை."

அந்த ஊருக்கு மாவட்ட முன்மாதிரிக் கேடயம் வழங்கப்படப் போகிறது, அதை வழங்க வாரியத்தின் இயக்குநர் சண்முகராஜ் சென்னையிலிருந்து வருகிறார், பொதுமக்கள் சார்பில் பெற்றுக்கொள்ள ஒரு பொதுமகன் வேண்டும். இதையெல்லாம் பூவனலிங்கம் நின்றபடியே சொன்னார். பிறகு மாயகிருஷ்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் பொதுமகன்," என்று முடித்தார்.

மறுவாரமே வேலை தொடங்கிற்று. கடம்பூர் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற இடத்தில் மூங்கில் வளைவு எழும்பியது. ஆளில்லாத வீடுகளின் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, 'பெறுவது குறைந்தால் பெருமை நிறையும்' என்று சிவப்பில் எழுதினார்கள். கூரை விழுந்து ஒற்றைச் சுவராக நின்ற வீட்டையும் விடவில்லை. அந்தச் சுவரில் இடம் பற்றாமல் 'பெருமை' மட்டும் விட்டுப்போயிற்று. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைக்க வேண்டுமே, அதற்காகக் கோவில்பட்டியிலிருந்து லாரியில் ஒரு டாங்கித் தண்ணீர் வந்து இறங்கியது. உப்போடைப்பட்டிக்குள் தண்ணீர் லாரி வந்தது அதுதான் முதல் தடவை.

பாலம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது சுண்ணாம்புக்கு வந்த தண்ணிம்மா," என்றார் பூவனலிங்கம். "குடிக்கிறதுக்கு வந்ததா ஆடிட்ல வராது."

"ஒரு குடம் எடுத்தா சுவரு கோவிச்சுக்கிடுமா சார்?"

"நீங்க படிக்காதவங்க. உங்களுக்கு ஆடிட் தெரியாது."

பாலம்மாள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். அன்று சாயங்காலம் நாலு வீட்டுச் சுவர்கள் நனைந்து பளபளவென்று நின்றன. கிழடுகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர்ச்சி வாங்கிக்கொண்டார்கள்.

விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கையில் வள்ளித்தாய் வந்து சேர்ந்தாள். மாயகிருஷ்ணனின் ஒரே மகள். கல்யாணமாகிக் கோவில்பட்டியில் புருஷனோடு இருந்தாள். இருவருக்கும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மாதம் நிறைந்துவிட்டது, தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று பாலம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். கயத்தாறு பஸ்ஸில் வந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூங்கில் வளைவுக்குக் கீழே நடந்து வந்தாள். வளைவின் உச்சியில் ஒரு ஆள் உட்கார்ந்து 'பூஜ்யத்தை வரவேற்போம்' என்ற அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பூவனலிங்கம் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை வயிற்றிலேயே நின்றுவிட்டது.

"இது யாரு?"

"எம் மக சார். பிரசவத்துக்கு வந்திருக்கா."

"எப்போ?"

"இன்னிக்கோ நாளைக்கோ. மாசம் நெறஞ்சாச்சு."

பூவனலிங்கம் அருகிலிருந்த ஆட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே, "விழா முடிஞ்ச பிறகு பெத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டார்.

"அதை வயித்துக்குள்ள இருக்க பிள்ளைட்டதான் கேக்கணும்," என்றாள் பாலம்மாள்.

"அம்மா, விளையாட்டில்லை இது. மேடையில பூஜ்யம்னு அறிவிக்கப் போறோம். ஒண்ணு பிறந்தாலும் பூஜ்யம் போச்சு. ஒரு மாவட்டத்தோட மானம் உங்க மக வயித்துல இருக்கு."

மறுநாள் காலையில் வள்ளித்தாயை ஜீப்பில் ஏற்றினார்கள். மாயகிருஷ்ணனும் கூடவே ஏறிக்கொண்டார். கோவில்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தது. ஆனால் ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வாரியத்தின் கோவில்பட்டிக் கிளை வாசலில் போய் நின்றது. அடுத்தவர் எல்லைக்குள் பிறப்பை இறக்குவதற்கு முன் அங்குள்ள அதிகாரியின் சம்மதம் வேண்டுமாம். அந்த அதிகாரி கடற்கரை என்பவர். விஷயத்தைக் கேட்டதும் வெளியே வந்து, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஓய் பூவனலிங்கம், உம்ம ஊரு ஆளுக பூராவும் எம் எல்லைக்குள்ள வந்துதான் பெத்துக்கிட்டு இருக்காவ. எனக்கு மாசாமாசம் மெமோ வருது. நீரு கேடயம் வாங்குதீரு. இப்பம் கடைசியா ஒண்ணையும் கொண்டாந்து எந் தலையில இறக்கப் பாக்கீரா?"

"இவ உம்ம எல்லைக்குள்ள குடியிருக்கவதான் ஓய்."

"குடியிருக்கது எம் எல்லையில. பிரசவத்துக்கு வந்தது உம்ம எல்லையில. விதியைப் பாரும்."

இருவரும் விதியைப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்பின் தகரம் கொதித்தது. வள்ளித்தாய் சேலைத் தலைப்பை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, "அய்யா, வீட்டுக்கே போயிருவோம்," என்றாள்.

மாயகிருஷ்ணன் இறங்கிப் போய், "சார், ஆஸ்பத்திரிக்கு நானே நடத்திக் கூட்டிட்டுப் போயிருதேன்," என்றார்.

"நீர் கூட்டிட்டுப் போனாலும் கணக்கு எங்கிட்டதான் வரும்," என்றார் கடற்கரை. "சேக்காதீங்கன்னு டாக்டருக்கு இப்பமே போன் பண்ணிச் சொல்லிருவேன்."

கயத்தாற்றுக்கும் போனார்கள். அங்கே அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, ஜீப்பையும் அதற்குள் இருப்பதையும் பார்த்துவிட்டு, மறுபடியும் சாப்பிடப் போய்விட்டார். ஆடு அடுத்தவன் புஞ்சைக்குள் இறங்கி மேய்ந்தாலும் மாயகிருஷ்ணனுக்கு ஒரு நாளும் இவ்வளவு அவமானம் நேர்ந்ததில்லை. எல்லையில் மாட்டிய ஆட்டையாவது பட்டியில் அடைப்பார்கள். இவர் மகளை அடைக்கக்கூட யாரும் தயாராக இல்லை.

திரும்பி வருகிற வழியில் பூவனலிங்கம் ஒரு ஏற்பாடு சொன்னார். விழா நாளன்று காலையில் வள்ளித்தாயைத் தாயோடு ஜீப்பில் ஏற்றி, ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில் நிறுத்துவது. அந்தப் பக்கம் எந்த ஊரையும் சேராத ரயில்வே புறம்போக்கு. விழா முடிந்த உடனே ஜீப் நேராக ஆஸ்பத்திரிக்குப் பறக்கும். கூட ஒரு நர்ஸும் இருப்பாள்.

"அது எதுக்கு சார், வீட்டுலயே இருந்துட்டுப் போறா," என்றார் மாயகிருஷ்ணன்.

"மேடையில இயக்குநர் பக்கத்துலதான் உக்காரப் போறீங்க. அடிபம்பு கேட்டீங்கல்ல? அவர் நினைச்சா ஒரு கையெழுத்து. ஆனா பூஜ்யம் கெட்டுப்போச்சுன்னா நான் எந்த முகத்தோட உங்களை அவர் பக்கத்துல உக்கார வைப்பேன்?"

மாயகிருஷ்ணன் பாலம்மாளின் குடத்தை நினைத்தார். ரயில்வே கேட்டுக்கு அவள் நடந்த நடையை நினைத்தார். சரி என்றார். பின்னாளில் அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

விழா நாள் வந்தது. ஊரில் ஆள் இல்லாததால் கூட்டத்தைக் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளிடம் சொல்லி, அரை நாள் விடுப்பும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கடம்பூர்ப் போளியும் என்று பேசி, மூன்று லாரி ஆட்களை ஏற்றி வந்தார்கள். லாரி நின்றதும் இறங்கியவர்களைப் பார்த்து மாயகிருஷ்ணன் வாய் பிளந்தார். அவ்வளவு பேரும் உப்போடைப்பட்டிக்காரர்கள். மழை பொய்த்து ஊரை விட்டுப் போனவர்கள். உப்போடைப்பட்டிக்கு ஓசி லாரி என்றதும் முண்டியடித்து ஏறியிருக்கிறார்கள். இறங்கியதும் அவரவர் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். ஒரு பெண் தன் வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

சிக்கலே அங்குதான். எல்லாரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். டவுனில் போய்ப் பிறந்ததுகளும் அதில் உண்டு. பந்தலுக்குள் எங்கு பார்த்தாலும் பிள்ளைக்காடு. பூவனலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். இயக்குநரின் கார் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டதாகத் தகவல். ஐந்து நிமிஷத்துக்குள் பிள்ளைகள் அத்தனையையும் திரட்டி, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, போளியைக் காட்டி உள்ளே விட்டு, வெளியே பூட்டினார்கள். பூட்டிய பிறகு அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் நிறைந்தது.

இயக்குநர் சண்முகராஜ் மேடையேறினார். நர்ஸ் வெள்ளைச் சீருடையில் மேடையின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால், அவள் எல்லைக் கல்லுக்குப் போகவில்லை. மேடையில் அவளைப் பார்த்ததும் மாயகிருஷ்ணன் எழுந்திருக்கப் போனார். பூவனலிங்கம் தோளில் கைவைத்து உட்கார்த்தினார்.

முதலில் பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாண்டி வரவேற்றார்.

"மக்கள்தொகையைக் குறைப்பது பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவன் அல்ல நான். செய்து காட்டியவன். முதன்முதலில் என் மனைவி மக்களோடு இந்த ஊரை விட்டுப் போய், ஒரே நாளில் ஏழு பேரைக் குறைத்தேன். அதன் பிறகுதான் மற்றவர்கள் என்னைப் பின்பற்றினார்கள் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கூட்டம் போளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. இயக்குநர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டார்கள். மாநிலம் முழுவதையும் சிவப்பும் பச்சையுமாகப் பிரித்திருந்தது. ஜனம் கூடுகிற இடங்கள் சிவப்பு. குறைகிற இடங்கள் பச்சை. கோயம்புத்தூர்ப் பக்கம் சிவப்பு. சென்னை கடும் சிவப்பு. கோவில்பட்டி ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றி, மழை பெய்யாத கரிசல் பூமி முழுவதும் பசேலென்று பச்சை. அவ்வளவு பச்சையை மாயகிருஷ்ணன் தம் மண்ணில் ஒரு நாளும் கண்டதில்லை.

"ஆலைகள் இருக்கிற பகுதிகளில் மக்கள் பெருகுகிறார்கள்," என்றார் இயக்குநர். "ஆற்றுப் பாசனம் இருக்கிற பகுதிகளில் பெருகுகிறார்கள். சாலை, மின்சாரம், ஆஸ்பத்திரி எங்கெல்லாம் கொடுத்தோமோ அங்கெல்லாம் பெருகுகிறார்கள். எதுவுமே கொடுக்காத இந்த ஊர் மட்டும் நம் இலக்கை எட்டியிருக்கிறது. நண்பர்களே, இதிலிருந்து நாம் பாடம் கற்க வேண்டும். மாநிலத்திலுள்ள ஒவ்வொரு ஊரும் உப்போடைப்பட்டியாக மாறினால், உணவுப் பற்றாக்குறை இருக்காது. வீட்டுப் பற்றாக்குறை இருக்காது. வேலை கேட்டு வர ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்த நாளைக் காணத்தான் என் வாரியம் இரவு பகலாகப் பாடுபடுகிறது."

கைதட்டச் சொன்ன இடத்தில் கூட்டம் கைதட்டியது. இயக்குநருக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. இளநீர் என்று மெல்லக் கேட்டார். கரிசலில் இளநீருக்கு எங்கே போவது? பூவனலிங்கம் ஓரமாகப் போய் யாரிடமோ கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பந்தலுக்குப் பின்புறம் புழுதி எழும்பியது. எல்லைக் கல் பக்கமிருந்து ஜீப் கிளம்பி, கோவில்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மாயகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார். காலையில் ஏற்றிய மகளையும் பாலம்மாளையும் இறக்கிவிட்டுத்தான் போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. அதே நேரம் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அடிபம்பைக் கேட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தார். மைக்கைப் பிடித்தார்.

"சாருக்குக் கும்பிடுதேன். எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. ஒரு அடிபம்பு போட்டுத் தந்தீங்கன்னா, போன சனம் திரும்பி வந்துரும்."

இயக்குநரின் முகம் மாறியது. எழுந்து வந்து, மைக்கைத் தம் பக்கம் திருப்பினார்.

"பார்த்தீர்களா, எவ்வளவு வெள்ளந்தியான மனம். ஆனால் பெரியவரே, யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் ஜனம் வரும். ஜனம் வந்தால் பிள்ளை வரும். இத்தனை பாடுபட்டு வாங்கிய பச்சையை, ஒரு குழாய்க்காகச் சிவப்பாக்கலாமா?"

கூட்டம் இந்தத் தடவை கைதட்டவில்லை. போளி தின்றுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள். அப்போதுதான் பந்தலின் பின்பக்கமாகப் பாலம்மாள் நடந்து வந்தாள். காலில் செருப்பில்லை. சேலை முழுவதும் முள்ளும் புழுதியும். நேரே மேடைக்கு முன்னால் வந்து நின்று, யாரையும் பாராமல் புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"ஜீப்பு எங்களை இறக்கிவிட்டுட்டுப் போயிட்டு. வள்ளிக்குப் பனிக்குடம் உடைஞ்சுட்டு. அவ வெயில்ல கெடக்கா. வாரீங்களா, இல்ல இங்கனயே உக்காந்திருக்கீங்களா?"

மாயகிருஷ்ணன் மேடையிலிருந்து குதித்தார். அதற்கு முன்பே பந்தலிலிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி போளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பந்தல் முழுவதும் காலியாகி, எல்லைக் கல்லை நோக்கி ஓடியது. நர்ஸ் இயக்குநரைப் பார்த்தாள், பூவனலிங்கத்தைப் பார்த்தாள், பிறகு சீருடையோடு அவளும் ஓடினாள்.

கயிற்றுக் கட்டிலில் வள்ளித்தாயைப் போட்டுத் தூக்கி வந்தார்கள். எல்லைப் பக்கமிருந்து வந்தால் முதலில் நிழல் இருக்கிற கட்டடம் பள்ளிக்கூடம்தான். மாயகிருஷ்ணன் கல்லெடுத்துப் பூட்டை உடைத்தார். கதவு திறந்ததும், உள்ளே வெந்துகொண்டிருந்த பிள்ளைகள் குபுகுபுவென்று வெளியே பாய்ந்து, காலியாகக் கிடந்த பந்தலை நிரப்பிவிட்டன. மேடையில் ஏறிக் கேடயத்தைத் தடவிப் பார்த்தன.

"யார் இந்தக் குழந்தைகள்?" என்று கேட்டார் இயக்குநர்.

பூவனலிங்கம் அசரவில்லை. "கோவில்பட்டிக் கோட்டத்துக் குழந்தைகள் சார். முன்மாதிரி ஊரைப் பார்க்கச் சுற்றுலா வந்திருக்காங்க."

இயக்குநர் திருப்தியடைந்தார். கோவில்பட்டியில் இத்தனையா என்று புருவத்தை உயர்த்தி, கடற்கரைக்கு ஒரு மெமோ அனுப்பும்படி அங்கேயே சொன்னார். ஆள் யாரும் இல்லாததால் கேடயத்தைச் சங்கரபாண்டியின் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். இளநீர் கடைசிவரை வரவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பள்ளிக்கூடத்துக்குள் பெண்கள் சுண்ணாம்புக்கு வந்து டாங்கியில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு போனார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்தது. நீலம் பாரித்து, வாய் திறக்காமல் இருந்த பெண் பிள்ளையை நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டி உயிருக்குக் கொண்டுவந்தாள். ஆனால் வள்ளித்தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. கூட்டம் ஏற்றி வந்த லாரியில் கட்டிலோடு அவளைத் தூக்கி வைத்தார்கள்.

"நன்றியுரை பாக்கி இருக்கு," என்று பூவனலிங்கம் ஓடிவந்து தடுத்தார். "நன்றியுரை முடியற வரைக்கும் லாரி வாரியத்தோட பொறுப்பு."

லாரி டிரைவர் கருத்தையா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கோவில்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் கணக்குக் கேட்க யாரும் குறுக்கே வரவில்லை. வந்திருந்தால் கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் விட்டிருக்க மாட்டார்கள். வள்ளித்தாய் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாற்ற முடிந்தது, இனி அவளுக்குப் பிள்ளை கிடையாது என்று டாக்டர் சொன்னார்.

பூவனலிங்கம் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். மாயகிருஷ்ணனுக்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நினைப்பு. அவர் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, டாக்டர் சொன்னது உண்மைதானா என்று விசாரித்தார். உண்மை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"நல்லது. பிறப்பை ஓடும் வாகனத்தில் நிகழ்ந்ததுன்னு பதிவு பண்ணியாச்சு. அது எந்த ஊர்க் கணக்குலயும் வராது. இதை உப்போடைப்பட்டிக் கணக்குல, நிரந்தரக் கருத்தடை ஏத்துக்கிட்டவர் ஒருத்தர்னு சேத்துக்கிடுதேன். நீங்க எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம்."

வள்ளித்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாலம்மாள் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். மாயகிருஷ்ணன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் உப்போடைப்பட்டியில் அதிக நாள் இருக்கவில்லை. மகள் உடம்பு தேறுகிறவரைக்கும் அவளைத் தனியே விட மனசில்லை. கயத்தாற்று வியாபாரி ஒருவர் வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். தாய் ஆடுகள் ரோடு திரும்பும்வரை இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மகளும் மருமகனும் இருந்த ஒற்றை அறையிலேயே மாயகிருஷ்ணனும் பாலம்மாளும் ஒண்டிக்கொண்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயவைக்கிற களத்துக்கு அவர் காவல் இருந்தார். மழை மேகம் கூடினால் எல்லாரும் பதறியடித்துக் குச்சியை அள்ளுவார்கள். மாயகிருஷ்ணன் மட்டும் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குனிவார்.

உப்போடைப்பட்டிச் சாதனைக்காகப் பூவனலிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்து, கோவில்பட்டிக்கு வந்தார். மெமோ மேல் மெமோ வாங்கிய கடற்கரையைத் தண்டனையாக உப்போடைப்பட்டி வட்டாரத்துக்கு மாற்றினார்கள். அங்கே போன முதல் மாசமே அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டதாகக் கேள்வி.

மறுவருஷம் ஒரு காலையில் பூவனலிங்கம் மாயகிருஷ்ணன் குடியிருந்த தெருவுக்கு வந்தார். வீடு வீடாக நின்று, தலைகளை எண்ணி, முகம் சுளித்துக்கொண்டே வந்தார். மாயகிருஷ்ணன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வந்தவரை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வந்தவருக்கு அவரைத் தெரியவில்லை. பூவனலிங்கத்துக்கு முகங்கள் மனதில் தங்குவதில்லை, விகிதங்கள்தாம் தங்கும்.

"இந்த வீட்டுல எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு."

"ஒரே அறையில அஞ்சு பேரா?" பூவனலிங்கம் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டார். "எங்கிருந்துதான் வந்து சேருதீங்களோ. பெத்துப் பெத்துப் போட்டு, டவுனையே நாறடிச்சு வச்சிருக்கீங்க. உப்போடைப்பட்டின்னு ஒரு ஊரு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அந்த ஊரைப் போய்ப் பாருங்க. தெருவுல ஒரு ஆள் கிடையாது. ஒரு குப்பை கிடையாது. ஒவ்வொரு வீடும் வெள்ளையடிச்சு, பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். மனுஷன்னா அப்படி வாழணும்."

"அம்புட்டு நல்ல ஊருன்னா, நீங்க அங்கனயே குடிபோயிரலாமே சார்."

பூவனலிங்கம் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு வருத்தத்தோடு தலையசைத்தார்.

"நான் போனா அங்க ஒண்ணு கூடிருமே."

மாயகிருஷ்ணன் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சாக்கடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். பூவனலிங்கம் காலைச் சற்று நகர்த்திக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.